கடல் கடந்த கல்வியும் அதன் கடனும்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் பொன்முடியை அடையலாம். சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. அங்குள்ள லயத்துப் பிள்ளை ஒருவன் நகரத்துக் கல்லூரியில் பட்டம் பெற்று, முதுகலைப் படிப்புக்காக லண்டன் மாநகருக்குப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். உற்றார் கேட்கும் முதற்கேள்வி, “படித்து முடித்துத் திரும்பி வருவானா?” என்பதாகவே இருக்கும். அன்பினாற் கேட்பாரும் உண்டு. ஐயத்தினாற் கேட்பாரும் உண்டு. ஆனால் அக்கேள்வியினுள் வேறொன்று அடங்கியிருக்கிறது. அக்கல்விக்காக அவன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான்? இதையே நாம் ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

திருவனந்தபுரம் இதற்கு ஒரு பழைய சான்று தருகிறது. அந்நகரத்தில் 1863-இல் ஈழவர் குலத்திற் பிறந்த டாக்டர் பல்பு, சென்னையில் மருத்துவம் கற்றுத் தேறியும் திருவிதாங்கூர் அரசு அவருக்கு வேலை தர மறுத்தது. சாதியே காரணம். மைசூர் சமஸ்தானம் அவரை ஏற்றது. அப்பணியில் இருக்கையிலேயே இங்கிலாந்து சென்று மேற்பயிற்சியும் பெற்றார். பிறந்த மண்ணின் அரசுக்கு அவர் பட்ட கடன் ஏதும் இல்லை. ஆயினும் அம்மண்ணின் மக்களை அவர் மறக்கவில்லை. 1896-இல் 13,176 பேர் கையொப்பமிட்ட ஈழவர் விண்ணப்பத்தை அரசிடம் சேர்ப்பித்தவர் அவரே. அரசு வேறு, மக்கள் வேறு என்னும் பகுப்பை அவருடைய வாழ்க்கையிலேயே காண்கிறோம்.

இன்னும் கடினமான வழக்கு அண்ணல் அம்பேத்கருடையது. 1913-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பரோடா சமஸ்தானத்துடன் அவர் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டார். மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டு உபகாரச் சம்பளம். படிப்பு முடிந்தபின் சமஸ்தானத்தில் பத்தாண்டுப் பணி. நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில் செலிக்மன், டூயி முதலிய பேராசிரியர்களிடம் பயின்று, 1915-இல் பண்டைய இந்திய வாணிகம் பற்றிய ஆய்வுரைக்கு எம்.ஏ. பட்டம் பெற்றார். அச்சிறு தொகையில் உண்டு, உடுத்து, பழைய புத்தகங்களும் வாங்கி, வீட்டுக்கும் பணம் அனுப்பிய மாணவர் அவர்! இன்று அயல்நாட்டிற் பயிலும் நம் பிள்ளைகள் பலருக்கு இக்கணக்கு புதிதன்று.

1917-இல் உபகாரச் சம்பளம் நின்றது. லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு, ஒப்பந்தப்படி பரோடா சென்றார். அலுவலகத்துச் சேவகர்கள் கோப்புகளை எட்ட நின்று எறிந்தனர். குடியிருக்க ஒருவரும் வீடு தரவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கியவரைத் தடியேந்திய கூட்டம் ஒன்று வந்து வெளியேற்றிற்று. அவர் பரோடாவை விட்டகன்றார். பத்தாண்டு ஒப்பந்தம் சில நாட்களில் முடிந்தது.

அவர் வாக்குத் தவறினார் என்று யாரேனும் சொல்லக்கூடுமா? ஒருவன் ஊழியம் செய்வதாக ஒப்பினால், ஊழியம் செய்யத்தக்க நிலையை அமைத்துத் தருவது மற்றவரின் பங்கு. அப்பங்கு நிறைவேறாதபோது ஒப்பந்தம் தானே அறுந்து விழுகிறது. எனினும் ஓர் ஆட்சேபத்தை நாம் ஒதுக்கிவிட இயலாது. ஒவ்வொருவரும் இப்படி வாதாடினால் அடுத்த ஏழைப் பிள்ளைக்கு யார் பொருள் தருவார்? இதற்காகவே ஒப்பந்தத்தையும் நன்றியையும் வேறுபடுத்திப் பார்க்கிறோம். கொடுத்தவர் மகாராஜா சாயாஜிராவ். வீடு தர மறுத்தவர் ஊரார். ஊராரின் கொடுமையால் கொடையாளிக்குரிய நன்றி அழிந்துபடாது. அந்நன்றியைப் பரோடாவில் அமர்ந்துதான் செலுத்த வேண்டும் என்பதுமில்லை. ஆதலின் பொன்முடிப் பிள்ளையிடம் திரும்பி வருவாயா என்று கேட்குமுன், வந்தால் அவனுக்கு நகரத்தில் வாடகைக்கு வீடு கொடுப்பார் உண்டா என்று நாம் விசாரித்து வைத்திருத்தல் வேண்டும்.

மற்றொரு செய்தியும் சிந்திக்கத் தக்கது. மேல்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில் தாம் தீண்டத்தகாதவர் என்னும் நினைவே தம் உள்ளத்தினின்று அழிந்துபோயிற்று என அண்ணல் பின்னாளில் எழுதினார். சிலர் இத்தகைய மறதியை நன்றிகேடு என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. நோய் நீங்கியவன் நோயை மறப்பது இயற்கை. அம்மறதியை ஒருமுறை அனுபவித்தமையால்தான் பரோடா அவருக்குப் பொறுக்கலாகாததாயிற்று. மனிதனாக நடத்தப்படுவது எப்படியிருக்கும் என்பதும் அவர் அங்குக் கற்ற பாடங்களில் ஒன்று. அந்தப் பாடத்திற்குத் தேர்வில்லை; பட்டமுமில்லை.

இன்றைய மாணவனுக்கு அம்மறதி அத்தனை எளிதாக வாய்ப்பதில்லை. கடல் கடந்த நம்மவர் சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டு சென்றுவிட்டனர். அதனாலன்றோ அமெரிக்காவின் சியாட்டில் நகரமன்றம் 2023-இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய நேர்ந்தது! இங்கும் வழி குறுகுகிறது. பட்டியல் சாதி மாணவர் முதலியோருக்கு அயல்நாட்டு முதுகலைப் படிப்புக்கும் ஆராய்ச்சிப் படிப்புக்கும் மத்திய அரசு வழங்கும் உதவித்தொகைக்கு 2022-இல் வெளியான விதிகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூக ஆய்வு ஆகிய பொருள்களை விலக்கின. நாட்டிற்குள்ளேயே அவற்றைக் கற்க வசதியுண்டு என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அண்ணலின் 1915-ஆம் ஆண்டு ஆய்வுரையும், அடுத்த ஆண்டு கொலம்பியாவில் அவர் படித்த சாதி பற்றிய கட்டுரையும் இவ்விதியின்கீழ் உதவி பெற்றிரா. பரோடா ஒப்பந்தமோ பத்தாண்டு உழைப்பைத்தான் கேட்டது. மாணவன் எதைப் பற்றி எண்ண வேண்டும் என்று அது விதிக்கவில்லை.