திரும்பும் காசு

தஞ்சை டெல்டாவில் வீட்டுக்கு ஒரு வெளிநாடு உண்டு. கூத்தாநல்லூருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்றே பெயர். மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் மாடிவீடுகளைக் காட்டி, "இது துபாய் வீடு, அது சிங்கப்பூர் வீடு" என்பார்கள். கட்டினவர் பெயர் அப்புறம்தான் வரும். திருச்சி விமான நிலையத்துக்கு வேன் பிடித்து வரும் கூட்டத்தில் ஏறிப் போகிறவர் ஒருவராக இருப்பார், வழியனுப்ப வந்தவர்கள் பத்துப் பேராக இருப்பார்கள். ஆகவே, "ஆஸ்திரேலியா போகப்போறேன்" என்று என் தம்பி மகள் சொன்னபோது வீட்டில் யாரும் திடுக்கிடவில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்டோம். கம்பெனி இல்லை என்றாள். படிக்கவா என்றோம். இல்லை என்றாள். "அங்க நமக்கு யார் இருக்கா?" என்று அவள் அப்பா கேட்டான். "யாரும் இல்லப்பா" என்றாள். அந்தப் பதிலில்தான் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

அவள் போக விரும்புவது 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசாவில். வேலையும் செய்துகொண்டு, ஊரும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஏற்பாடு. ஆஸ்திரேலியா 1975இல் பிரிட்டன், அயர்லாந்து, கனடா நாட்டு இளைஞர்களுக்காக இப்படி ஒன்றைத் தொடங்கியது. 2022 ஏப்ரலில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தின் வழியே இந்தியர்களுக்கும் அந்த வாசல் திறந்தது. ஆண்டுக்கு 1,000 பேர். வயது 18 முதல் 30 வரை. 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டி, பாஸ்போர்ட்டும் பான் கார்டும் காட்டிப் பதிந்துகொண்டால் குலுக்கலில் பெயர் சேரும். 2024 அக்டோபரில் முதல் பதிவு தொடங்கி இரண்டு வாரத்துக்குள் சுமார் 40,000 பேர் பதிந்தார்கள். பெயர் விழுந்து விசாவும் கிடைத்தால் ஓராண்டு இருக்கலாம். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. இரண்டாம் ஆண்டும் வேண்டுமென்றால், அரசு வரையறுத்த வட்டாரங்களில் பண்ணை வேலை, விடுதி வேலை போன்ற ஏதாவதொன்றில் மூன்று மாதம் உழைத்திருக்க வேண்டும்.

இதில் புதுமை எங்கே இருக்கிறது? கடல் தாண்டுவதில் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறைகள் இந்த மண்ணில் உண்டு. 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம்வரை அந்த வழியில் ஓடியது. அதில் போன கதை இல்லாத குடும்பத்தை எங்கள் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அவர்களில் தனியாகப் போனவர் மிகக் குறைவு. தோட்டத்துக்குப் போனவர்களைத் திரட்டிக்கொண்டு போன கங்காணி பெரும்பாலும் அவர்கள் ஊர்க்காரர், சொந்தக்காரர். பிற்காலத்தில் சிங்கப்பூர் போன என் பெரியப்பாவும் ஊர்க்காரர்கள் நிறைந்த ஓர் அறையில்தான் போய் இறங்கினார். பகல் வேலைக்காரர் எழுந்த பாயில் இரவு வேலைக்காரர் படுப்பாராம். எந்த முதலாளி சம்பளம் ஒழுங்காகத் தருவார், எவர் இழுத்தடிப்பார் என்பது அந்த அறைக்குத் தெரியும். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆள் உண்டு. போனவர்கள் ஊரையே கூடக் கொண்டுபோனார்கள்.

அந்தத் துணைக்கு ஒரு விலை இருந்தது. கங்காணி தன் ஆளுக்கு வழிச்செலவு, துணிமணி, வீட்டில் விட்டுவரும் பணம் என்று முன்பணம் கொடுப்பார். அன்றே கடன் தொடங்கிவிடும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளியின் கடன் தொகையை எழுதித் தருகிற சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர்; அந்தத் தொகையை அடுத்த தோட்டத்துக்காரர் அடைத்தால்தான் ஆள் இடம் மாற முடியும். 1921இல்தான் அந்த முறையைச் சட்டம் ஒழித்தது. மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. அப்புறம் வளைகுடா வந்தது, ஏஜென்ட் வந்தார். பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் தவிர வாங்கக் கூடாது என்பது விதி. கிராமத்தில் கேட்கிற தொகை எவ்வளவு என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியும். நகையை வைத்து, நிலத்தை விற்று, வட்டிக்கு வாங்கிப் போனவர், அங்கே சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை ஒன்று என்றானாலும் திரும்ப மாட்டார். திரும்பினால் கடன்காரர் வாசலில் நிற்பார்.

ஆக, அந்தப் பழைய வழி துணையைக் கொடுத்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமையை வாங்கிக்கொண்டது. என் தம்பி மகள் போகப்போகும் வழியில் கங்காணி இல்லை, ஏஜென்ட் தேவையில்லை, கட்டிவைக்கிற முதலாளியும் இல்லை. உரிமை முழுதாக இருக்கிறது, துணைதான் இல்லை. அப்படியானால் தயாரிப்பு என்பது என்ன? கடனைக் கூடவே கூட்டிக்கொண்டு வராத ஒரு துணையைத் தனக்குத்தானே அமைத்துக்கொள்வது. சூட்கேஸ், ஸ்வெட்டர், பருப்புப்பொடி எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் சோதனை வீட்டிலேயே வந்தது. அங்கே போய் இறங்கித் தொடக்க நாட்களைச் சமாளிக்க 5,000 ஆஸ்திரேலிய டாலர் அளவுக்குப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய். மனசு இளகிப்போன தம்பி, "சொசைட்டில நகைக்கடன் வாங்கிப் போட்டுடலாம்கா, காட்டிட்டு எடுத்துக்கலாம்" என்றான். அன்பில் சொன்னதுதான். ஆனால் அந்த நகைக்கடனும் ஒரு துண்டுதான். அப்பா அடகு வைத்த சங்கிலி ஊரில் இருக்கிறது என்கிற நினைப்போடு மெல்போர்னிலோ டார்வினிலோ நிற்கிற பெண், இரவில் வேலை முடிந்து தனியே நடந்து வரவேண்டிய ஓட்டல் வேலையையும் ஒப்புக்கொள்வாள். மணிக்கணக்குக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். குலுக்கல் அடுத்த ஆண்டும் வரும், முப்பது வயதுக்கு இன்னும் நாள் இருக்கிறது, உன் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டு போ என்று நான் சொன்னேன். என் மேல் இரண்டு பேருக்கும் வருத்தம். அவள் மட்டும் கொஞ்ச நாளில் தெளிந்து, கும்பகோணத்தில் பார்க்கிற கணக்கு வேலையில் மாதம் ஒரு தொகையை ஒதுக்க ஆரம்பித்தாள்.

அடுத்தது கூலி. எங்கள் வீடு பெரிய பண்ணை இல்லை. ஆனாலும் கூலி கொடுத்துப் பழகிய வீடு. வாங்கிப் பழகியதில்லை. வரப்பில் நின்று பார்க்கிறவருக்கும் சேற்றில் குனிந்திருப்பவருக்கும் உள்ள தூரம் டெல்டாவில் சின்னதில்லை. கூலியை உயர்த்திக் கேட்ட பகையில், கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசையோடு எரிந்துபோன மண் இது. வரப்பில் நின்ற வீட்டுப் பெண் இப்போது ஆஸ்திரேலியாவில் மாம்பழத் தோட்டத்திலோ வாழைத் தோட்டத்திலோ கூலியாளாக நிற்கப்போகிறாள். மாங்காய்ப் பால் பட்டால் தோல் வெந்துபோவது நம்மூருக்கும் அங்குள்ள கேத்தரின் என்ற ஊருக்கும் ஒன்றுதான். அங்கே அவளிடம் யாரும், "நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்கப்போவதில்லை. எத்தனை கூடை என்றுதான் கேட்பார்கள். ஊரில் தனக்கு மரியாதை வந்தது எதனால், அதில் தன் உழைப்பு எவ்வளவு, அப்பா பெயர் எவ்வளவு என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. நீடாமங்கலம் பக்கத்தில், எங்களுக்கு உறவில்லாத ஒருவர் நிலத்தில், நடவுப் பெண்களோடு அவளை இறங்கச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். "ஏ பாப்பா, போட்டோ எடுத்துட்டுக் கரையேறிடுவியா?" என்றார் நாற்று முடி வீசிக்கொண்டிருந்த அம்மா. சாயங்காலம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தபோது, "குனிஞ்ச இடுப்பு நிமிர நாலு நாளாகும், வெந்நீர் ஊத்திக்க" என்று சொன்னதும் அவரேதான். நட்டவர்களோடு வரிசையில் நின்று அவள் கூலியை வாங்கினாள். கேட்டு வாங்கும்போது குரல் எப்படி இறங்குகிறது என்பதை அன்றைக்குக் கண்டதாகச் சொன்னாள். ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுப் பயிற்சியில் அந்தப் பாடம் வராது.

பக்கத்து வயலில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆட்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச வருஷங்களாக டெல்டாவில் இது சாதாரணக் காட்சி. மொழி தெரியாது, மோட்டார் கொட்டகையிலோ சமுதாயக் கூடத்திலோ தங்குகிறார்கள், ஊர்க்காரர்கள் மொத்தமாக 'ஹிந்திக்காரங்க' என்கிறார்கள். அவர்கள் பேசுவது வங்காளம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தம்பி மகள் கைப்பேசியில் மொழிபெயர்த்து அவர்களோடு பேசினாள். புது ஊரில் இறங்கியதும் முதலில் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறாள். தங்கள் அரிசி எங்கே கிடைக்கும், போனுக்கு எங்கே காசு போடலாம், போன தடவை வந்தவர்களுக்குக் கணக்கு சரியாகத் தீர்த்தார்களா என்று பார்ப்போம் என்றார்களாம். வெளிநாடு போய் வந்த எவரும் அவளுக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தரவில்லை. நம் வாசலுக்கு வந்திருப்பவரிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால், நாளைக்கு இன்னொரு வாசலில் நமக்கு என்ன நடக்கலாம் என்பதும் தெரிகிறது.

பெரியப்பாவின் அறை கொடுத்த துணையை இனி ஒவ்வொன்றாக வேறு வழியில் தேட வேண்டும். முதலாளியைப் பற்றி அந்த அறை சொன்ன தகவலை இன்று சட்டம் சொல்கிறது. 2025 ஜூலையில் அங்கே தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர் ஆனது. எத்தனை கூடை பறித்தாயோ அத்தனைக்குக் காசு என்கிற தோட்ட வேலையிலும் மணிக்கணக்கில் ஒரு குறைந்தபட்சக் கூலி தரவேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 முதல் விதி இருக்கிறது. ஊதியம் குறைந்தால் ஃபேர் வொர்க் ஓம்பட்ஸ்மன் அலுவலகத்தில் முறையிடலாம்; தமிழிலேயே பேச அரசு மொழிபெயர்ப்புச் சேவை உண்டு. வேலை செய்த நேரத்தைத் தன் நோட்டில் தானே அன்றன்று எழுதுவதும் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குவதும் அவள் பழகவேண்டியவை. கணக்குப் பிள்ளைக்கு அது கஷ்டமில்லை.

சிட்னியில் பெண்டில் ஹில், தூங்காபி பக்கம் தமிழ்க் கடைகள் இருக்கின்றன, மேஸ் ஹில்லில் முருகன் கோயில் இருக்கிறது என்று தெரிந்ததும் தம்பிக்குப் பாதி உயிர் வந்தது. நல்லதுதான். மனம் சோர்ந்த நாளில் தமிழ் காதில் விழுவது மருந்து. ஆனாலும் அவளிடம் நான் ஒன்று சொன்னேன்: கோயிலில் கும்பிடு, கடையில் கத்திரிக்காய் வாங்கு, நாலு பேரிடம் பழகு, 'நம்ம பொண்ணுதானே' என்று சொல்லிக் கணக்கில் வராமல் கையில் காசு கொடுக்கிறேன் என்பவரிடம் வேலைக்குச் சேராதே. அப்படிப்பட்டவர் எந்த ஊரிலும் உண்டு. அங்கே கங்காணி மறுபடியும் வந்துவிடுவார், வேறு சட்டை போட்டுக்கொண்டு.

பிறகு எங்கள் பக்கத்துத் தயாரிப்பு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோவில் வரவேண்டும் என்றான் தம்பி. டார்வினில் அது நள்ளிரவு தாண்டி ஒரு மணி. விடியற்காலையில் தோட்டத்துக்குப் போக வேண்டியவளுக்கு அது துணையாகாது, தண்டனை. ஞாயிறு மதியம் என்று கடைசியில் ஒப்புக்கொண்டான். பையனாக இருந்தால் இந்தப் பேரம் நடந்திருக்காது என்று அவள் சொன்னாள், நான் மறுக்கவில்லை. மாதம் எவ்வளவு அனுப்புவாள் என்று சொந்தத்தில் கேட்டவர்களுக்கு, அனுப்புவதற்காக அவள் போகவில்லை என்று நானே பதில் சொன்னேன். எங்கள் பக்கம் அந்தப் பதில் விநோதமாகத்தான் ஒலிக்கிறது. தங்கை கல்யாணத்துக்கு, கூரைவீட்டை மாற்ற, கடனை அடைக்க என்றே இங்கிருந்து எல்லோரும் போயிருக்கிறார்கள். யாருக்காகவும் இல்லாமல் ஓராண்டு உழைத்துத் தானே செலவு செய்து உலகத்தைப் பார்ப்பது சுயநலமா என்று அவளே என்னிடம் கேட்டாள். கடன்பட்டிருப்பவர் அப்படிச் செய்தால் கேள்வி கேட்கலாம். யாரிடமும் கைநீட்டாமல், தான் சேர்த்த பணத்தில் போகிறவரை அந்தக் கேள்வி தொடாது. அதனாலும்தான் நகைக்கடன் வேண்டாம் என்றேன்.

எங்கள் வழக்கத்தில் முதல் சம்பளம் அம்மா கைக்கு வரும், அல்லது குலசாமி உண்டியலுக்குப் போகும். இந்த முதல் சம்பளத்தை அங்கேயே தனிக் கணக்கில் போட்டுவை, திரும்பி வரும் டிக்கெட்டுக்கு என்று எடுத்துவைத்த தொகையோடு அதையும் சேர்த்துவிடு, எந்த அவசரத்துக்கும் அதைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். திரும்புவதற்கான காசு கையில் இருப்பவள்தான் மேற்பார்வையாளரின் முகத்துக்கு நேராக, "இந்த வேலை எனக்கு வேண்டாம்" என்று சொல்வாள். எங்கள் முன்னோரில் எத்தனையோ பேருக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வசதி இருந்ததில்லை. குலுக்கலில் அவள் பெயர் விழலாம், விழாமலும் போகலாம். அந்த வாக்கியத்துக்கான பணத்தை அவள் இப்போதே சேர்த்துக்கொண்டிருக்கிறாள். கும்பகோணத்து வேலையிலும் அது அவளுக்கு உதவும்.