சென்றவரின் இருக்கையும் வந்தவரின் வினாவும்

நெடுநாள் பணிபுரிந்த ஒருவர் விடைபெற்றுச் செல்கிறார். அவருடைய இருக்கையில் புதியவர் ஒருவர் வந்து அமர்கிறார். எஞ்சியிருப்போர் உள்ளத்தில் எழும் முதல் கேள்வி, "அவரைப்போல் இவர் வருவாரா?" என்பதே. கடையிலும் அலுவலகத்திலும் மதரஸாவிலும் இதுவே வழக்கம்.

இக்கேள்வி நியாயமானதுதானா? ஒரு பணிக்குழு என்பது அதிலுள்ள ஆட்களா, அன்றி அவர்கள் கைக்கொள்ளும் முறையா? ஆட்களே குழு எனில், ஒருவர் நீங்கிய அன்றே அது அழிந்துபோகிறது. முறையே குழு எனில், புதியவரால் அதற்குப் பயன் ஏதும் இல்லையென்றாகிறது. இரண்டும் முழு உண்மையல்ல என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் கிரேக்க நூல்களை அரபு மொழிக்குக் கொணர்ந்த குழுவொன்று இருந்தது. அதன் தலைவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், ஹீரா நகரத்துக் கிறிஸ்தவர். அவரோடு உழைத்தோருள் முதன்மையானவர்கள் அவருடைய மகன் இஸ்ஹாக்கும், உடன்பிறந்தாள் மகன் ஹுபைஷும். ஹுனைன் கிரேக்கத்திலிருந்து சுர்யானி மொழிக்குப் பெயர்க்க, அதனை ஹுபைஷ் அரபியாக்குவது பெரும்பான்மை வழக்கம்.

கிரேக்க மருத்துவப் பேராசான் ஜாலீனூஸின் 129 நூல்களைக் குறித்து ஹுனைன் எழுதிய மடலில் ஒரு செய்தி காணப்படுகிறது. ஏறத்தாழ இருபது வயதில், பிழை மலிந்த ஒரு பிரதியை வைத்துக்கொண்டு அவர் ஒரு நூலைப் பெயர்த்தார். நாற்பதை நெருங்கியபோது, மாணவர் ஹுபைஷ் அதனைத் திருத்தித் தருமாறு வேண்டினார். அதற்குள் பல கிரேக்கப் பிரதிகள் சேர்ந்திருந்தன. ஹுனைன் அவற்றை ஒப்புநோக்கி, பிழையற்ற மூலத்தை அமைத்துக்கொண்டு, தம் பழைய பெயர்ப்பைத் திருத்தினார். எதைப் பெயர்த்தாலும் இதுவே தம் வழக்கம் என்றும் எழுதிவைத்தார்.

சற்றே எண்ணிப் பாருங்கள். "நான் இந்நூலைப் பெயர்த்த காலத்தில் நீ எங்கிருந்தாய்?" என்று அந்த ஆசான் சினந்திருந்தால், பிழை பிழையாகவே நின்றிருக்கும். பின்வந்தவரின் வேண்டுகோள் முன்னவரின் முறையை அழிக்கவில்லை. அதற்கு மீண்டும் உயிரூட்டியது.

ஹுனைன் 873இல் மறைந்தார். திருத்தத்திற்கு இடந்தரும் பண்பை அவர் மகனிடத்தும் காண்கிறோம். இஸ்ஹாக் பெயர்த்த யூக்ளிடின் வடிவக் கணித நூலை, ஹர்ரான் நகரில் நாணயமாற்றுத் தொழில் செய்தவரான ஸாபித் இப்னு குர்ரா திருத்திச் செப்பம் செய்தார். அவர் ஹுனைனின் குடும்பத்தாரும் அல்லர்; அவர் சமயத்தாரும் அல்லர். எனினும் அந்நூல் இன்றளவும் இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

ஹுபைஷுக்கோ அப்பேறு முழுதும் வாய்க்கவில்லை. அவருடைய பெயர்ப்புகள் பல ஹுனைனின் பெயரிலேயே வழங்கின. புள்ளியிடாத அரபு எழுத்தில் இருவர் பெயரும் ஒன்றுபோல் தோன்றியது அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. எழுத்துக்குப் புள்ளி இல்லாமற்போனது தற்செயலாகலாம். ஆனால் இளையவரின் உழைப்பை மூத்தவர் கணக்கில் எழுதும் கைகள் எக்காலத்தும் உண்டு. அது தற்செயலன்று, அநீதி.

எனவே, ஒரு குழுவில் மூவருக்கும் கடமை உண்டு. செல்கிறவர் தாம் அறிந்ததை மறைத்து எடுத்துச் செல்லலாகாது. அது அவரிடம் இருந்த அமானத். வருகிறவர் முறையைக் கற்றபின் வினவத் தயங்கலாகாது. இருப்பவர்களின் கடமையே யாவற்றினும் கடினமானது: வந்தவரைச் சென்றவரின் நிழலாக்காமல், அவருடைய வினாவுக்குச் செவியும், அவருடைய உழைப்புக்கு அவர் பெயரையும் தருதல் வேண்டும்.

"அவரைப்போல் இவர் வருவாரா?" என்று கேட்பதை விடுவோம். "நாம் காணாத எதனை இவர் காண்கிறார்?" என்று கேட்போம்.