அரை டன்னுக்கு அஞ்சாதே

நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். இப்படியொரு மீன்தொட்டி வீட்டில் வேண்டும் என்று உனக்கு ஆசை. கொளத்தூர் மீன்கடைகளில் விலைகூடக் கேட்டுவிட்டாய். ஆனால் அதைத் தாங்கும் மர ஸ்டாண்டை நீயே செய் என்றால் மட்டும் பின்வாங்குகிறாய். "உடைஞ்சா வீடே மிதக்கும், நமக்கெதுக்கு?" என்று யாரோ சொன்னதை இன்னும் எத்தனை நாள் சுமப்பாய்?

பயம் வந்தால் பென்சிலை எடு. 120 செ.மீ., 60 செ.மீ., 60 செ.மீ. பெருக்கினால் 432 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடியும் மணலும் கல்லும் சேர்ந்தால் 550 கிலோவைத் தாண்டும். கேட்டதும் வயிற்றைக் கலக்கும் எண்தான். ஆனால் மரத்தின் பலத்தையும் தெரிந்துகொள்! மூன்றங்குலச் சதுரத்தில் நன்றாகக் காய்ந்த தேக்குக்கால் ஒன்று, நேராக இறங்கும் எடையென்றால் இந்த மொத்தத்தையும் தனியாகவே தாங்கும். நீ நிறுத்தப்போவதோ ஆறு கால்கள். இத்தனை நாள் நீ பயந்தது தப்பான இடத்தில்!

பயப்பட வேண்டிய இடம் இணைப்பு. மேல்சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் வைத்து ஸ்குரூ அடித்துத் தொங்கவிட்டால், அரை டன்னும் அந்த ஆணிகளின் கழுத்தில் தொங்கும். சட்டத்தைக் காலின் தலைமேல் உட்கார வை. எடை மரத்திலிருந்து மரத்துக்கு, அங்கிருந்து தரைக்கு இறங்கட்டும். ஸ்குரூவும் பசையும் பிடித்துக்கொண்டால் போதும். அடுத்த எதிரி பக்கவாட்டு ஆட்டம். கால்கள் எவ்வளவு தடித்தாலும் ஸ்டாண்டு ஒருபக்கமாகச் சாயப் பார்க்கும். பின்பக்கம் முழுக்க ஒரு பிளைவுட் பலகையை ஒட்டி, ஸ்குரூவால் இறுக்கு. பக்கங்களிலும் அடித்துவிட்டால் இன்னும் நல்லது. 710 முத்திரை உள்ள மெரைன் பிளையாகப் பார்த்து வாங்கு. தண்ணீர் சிந்தாத மீன்தொட்டி உலகத்தில் இல்லை.

"நான் தச்சர் வீட்டுப் பிள்ளை இல்லையே" என்கிறாயா? மூலமட்டமும் ரசமட்டமும் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. சட்டத்தை மூலைக்கு மூலை டேப் பிடித்து அள. இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வந்தால் கோணம் சரி. வரவில்லையா? தட்டிச் சரிசெய்து மறுபடி அள. கைப்பழக்கத்தில் குறைவதை அளவில் ஈடுகட்டு. அவசரப்பட்டுப் பச்சை மரம் மட்டும் வாங்கிவிடாதே. காயும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும், நீ பார்த்துப் பார்த்து வைத்த மட்டமெல்லாம் போகும்.

மாடி வீடென்றால், கீழே பீமோ சுவரோ இருக்கும் இடம் எது என்று கட்டடம் தெரிந்தவரிடம் கேட்டு அங்கே வை. தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் விரி. கால்வாசி நிரப்பு, ரசமட்டத்தை வைத்துப் பார். பாதி நிரப்பு, மறுபடி பார். சாய்ந்தால் தண்ணீரை இறைத்துவிட்டுக் காலைச் சரிசெய். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழுக்க நிரம்பிய தொட்டியை மீன் இல்லாமலே சில நாள் விட்டுவை. அதற்குள் வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்து, எந்த ஆசாரி செய்தது என்று கேட்பார்கள். தயங்காமல் உன் பெயரைச் சொல்.