ஓடும் நாயும்

உயிர்களிடத்து வைக்கும் அன்பு வீட்டுநெறிக்குத் தடையாவதோ, துணையாவதோ என்னும் வினா துறவோர் மடங்களில் மட்டும் எழுவதன்று. இல்லறத்தார் வீட்டுத் திண்ணையிலும், கிணற்றடியிலும், பூஞ்செடிகளின் நடுவிலும் அஃது எழுகின்றது. ஆங்கு எழும்பொழுது நூலறிவு மாத்திரையாய் நில்லாது, அன்றைப் பொழுது சாய்வதற்குள் விடை கூறியாக வேண்டிய கடமையாய் வந்து நிற்கின்றது. ஆதலின் அவ்வினாவை ஓரில்லறத்தான் நிலையில் வைத்து ஆராய்தல் பயனுடைத்தாம்.

சென்னை மாநகரின் வடபால், திருவொற்றியூர்த் திருத்தலத்துக்குத் தென்மேற்கே சில கல் தொலைவில் உள்ளது கொருக்குப்பேட்டை. சரக்குவண்டித் தடங்களும், கிடங்குகளும், தொழிலாளர் குடியிருப்புக்களும் நெருங்கிய ஊர் அது. 1806-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கியதும், 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சக் காலத்தில் நகரினூடே நீட்டப்பெற்று அக்காலத்து ஆளுநர் பெயரால் வழங்கலாயதுமாகிய பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியை ஒட்டிச் செல்கின்றது. நிலம் தாழ்ந்தது, மழை மிகின் நீர் வடிதல் அரிது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருவெள்ளத்தையும், 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயல் பெய்வித்த பெருமழையையும் வடசென்னை மக்கள் மறந்திலர். தெருக்கள் புதுக்கப்படுந்தோறும் மேலேற, பழைய வீடுகள் தாழ்ந்து போகின்றன. ஆகவே பழமனையை இடித்து, அடித்தளத்தை உயர்த்திப் புதுமனை எடுத்தல் அத்தகைய இடங்களில் ஆடம்பரமன்று; பலர்க்குத் தவிர்க்கலாகாத தேவையேயாம்.

இவ்வாறு மனை புதுக்கப் புகுந்த சைவ இல்லறத்தான் ஒருவனைக் கருதுக. அவன் பழமனையின் பின்புறத்தே ஒரு சிறு தோட்டம். நந்தியாவட்டை, செவ்வரளி, செம்பருத்தி, ஒரு முருங்கை. இவற்றின் நடுவே அவன் தந்தை வைத்த வில்வம். அவன் நாள்தோறும் பறிக்கும் பத்திரபுட்பம் இவற்றினின்றே வந்தது. அன்றியும், ஏதோ ஒரு மழைநாளில் திண்ணையில் ஒதுங்கிப் பின்னர்ப் போகாது தங்கிவிட்ட நாய்கள் இரண்டு. அவன் அவற்றை விலை கொடுத்து வாங்கினானல்லன், விரட்டவும் இல்லை. ஒரு பிடி சோறு வைத்தான், அவ்வளவே.

மனை இடிபடும் நாள் வந்தது. குடும்பம் அடுத்த தெருவில் வாடகை வீட்டுக்குப் பெயர்ந்தது. வீட்டுக்குடையார் நாய்களைக் கொண்டுவரலாகாது என்றார். கொத்தனாரோ, வில்வம் புதுச்சுவரின் கோட்டிலே நிற்கின்றது, வெட்டினாலன்றிக் கடைக்கால் தோண்டவியலாது என்றார். அப்பொழுது அவன் மைத்துனன், “அத்தான், நாயும் செடியும் பாசமல்லவா? இத்தனை நாள் நீங்களாக விடவில்லை. இப்போது ஆண்டவனே விடுவிக்கிறான் என்று எண்ணிக் கொள்ளுங்கள். பத்திரகிரியார் நாயை விட்டுத்தானே வீடடைந்தார்?” என்று கூறினான் என்க. மைத்துனன் கூற்று மேலோட்டமாகக் கேட்பார்க்குச் சாத்திர முடிபு போலவே தோன்றும். அதனை ஆராய்தல் வேண்டும்.

பத்திரகிரியார் வரலாறு தமிழ்நாட்டில் வழிவழியாக வழங்குவது. அரசு துறந்து பட்டினத்தடிகளுக்கு மாணாக்கரான அவர், திருவிடைமருதூர் மேலைக்கோபுர வாயிலில் தங்கியிருந்தார். அடிகள் கீழைக்கோபுர வாயிலில் இருந்தார். பத்திரகிரியார் பிச்சையேற்று வந்து, ஆசிரியர்க்குப் படைத்து, எஞ்சியதைத் தாம் உண்பார். அவர் மிச்சிலை உண்டு ஒரு நாய் அவரை விடாது தொடர்ந்தது. ஒருநாள் இறைவன் இரவலன் வடிவில் வந்து அடிகளிடம் உணவு கேட்ப, அடிகள் தம்மிடம் ஒன்றுமில்லை என்றும், மேலைவாயிலில் ஒரு குடும்பி உளன், அவனைக் கேட்க என்றும் கூறினார். அதனைக் கேள்வியுற்ற பத்திரகிரியார், இவ்வோடும் இந்நாயும் அன்றோ தம்மைக் குடும்பியாக்கின என்று வருந்தி, ஓட்டை எறிந்தார். அது நாயின்மேற் பட்டது. ஓடும் உடைந்தது, நாயும் இறந்தது.

மைத்துனன் இவ்விடத்தே கதையை நிறுத்திவிட்டான். கதை இவ்விடத்தே நிற்கவில்லை. அடியார் மிச்சிலை உண்ட பேற்றால் அந்நாய் காசியரசன் மகளாய்ப் பிறந்தது. முற்பிறப்பு உணர்ந்த அம்மங்கை, மணத்தை மறுத்து, திருவிடைமருதூர் வந்து பத்திரகிரியாரைக் கண்டு பணிந்தாள். அங்கே தோன்றிய சோதியில் இருவரும் ஒருங்கே கலந்தனர் என்பது அவ்வரலாற்றின் முடிபு.

இனிச் சித்தாந்த முறையில் இதனை நோக்குக. பதி, பசு, பாசம் எனப் பொருள் மூன்று. பாசம் அறிவில்லது, அதற்கு வீடுபேறு என்பதில்லை. ஓடு மண்ணாலாயது, அஃது உடைந்தபின் யாண்டும் பிறந்திலது, எச்சோதியிலும் கலந்திலது. நாயோ பிறந்தது, உணர்ந்தது, பணிந்தது, கலந்தது. ஆகவே நாய் பாசமன்று, பசு என்பது கதையே காட்டும் உண்மை. எழுவகைப் பிறப்பினுள்ளும் எவ்வுடம்பில் நிற்பினும் உயிர் உயிரேயாம். மனிதவுடம்பில் நிற்கும் உயிர் ஆணவமலத்தாற் கட்டுண்டது போலவே நாயுடம்பில் நிற்பதும் கட்டுண்டது. இரண்டும் ஒரே சிறையில் வெவ்வேறு அறையில் இருப்பன. ஒரு கைதி மற்றொரு கைதியைப் பார்த்து, “நீயே என் விலங்கு” என்று கூறுதல் பொருந்துமோ?

அற்றேல் பாசம் யாண்டுளது எனின், ‘எனது’ என்னும் எண்ணத்தின்கண் உளது என்க. நாய்க்குச் சோறிடுதல் கட்டன்று. என் நாய், என்னையன்றி யாரையும் நாடலாகாது, ஊரார் இதனைக் கண்டு என்னை மெச்ச வேண்டும் என்று எண்ணுதலே கட்டு. பத்திரகிரியார் துறக்க வேண்டியிருந்ததும் இம்மமகாரமேயன்றி அவ்வுயிரன்று. ஓட்டை விட்டது துறவு. நாய் இறந்தது அத்துறவின் பயனன்று. அதனிடையே நேர்ந்த தவறு. அதனாலன்றோ, ஓடு உடைந்த அன்றே அவர்க்குச் சோதி தோன்றாது, அந்நாய் மகளாய் வந்து அடிபணியுமளவும் அது தாழ்த்தது? துறந்தார்க்கும் வீடு, அவரால் வருந்திய உயிர் வந்து சேருங்காறும் காத்திருந்தது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் நுட்பமாம்.

மற்றொன்று. பத்திரகிரியார் அரசையும், செல்வத்தையும், சுற்றத்தையும் முன்னரே துறந்தவர். இறுதியில் எஞ்சியவை ஓடும் நாயுமே. மனை புதுக்குவானோ பெட்டிச் சாவியை இடுப்பிற் செருகியிருக்கின்றான்; புதுவீட்டுக்கு எத்தனை அறை, எவ்வகைக் கதவு என்று கணக்கிடுகின்றான். அவன் துறவை நாயிலிருந்து தொடங்குவானாயின், அது நாயோடேயே முடிந்துவிடும். தனக்கு வேண்டுவனவற்றை வைத்துக்கொண்டு, தன்னை வேண்டுவனவற்றை மட்டும் விடுதற்குத் துறவு என்று பெயரிடலாகாது, அது கைவிடுதலேயாம்.

இக்கைவிடுதல் என்னும் சொல் சைவர் நெஞ்சைத் தைக்கற்பாலது. மணிவாசகப்பெருமான் தம்மை நாயினும் கீழாக வைத்துப் பலகாற் கூறிக்கொண்டவர். அவர் அருளிய திருவாசகத்தில் நீத்தல் விண்ணப்பம் என்னும் பகுதி ஐம்பது பாடல்களையுடையது. தம்மை விட்டுவிடலாகாது என்று இறைவனிடம் இடையறாது முறையிடுவதே அதன் பொருள். அதனை நாள்தோறும் ஓதும் ஒருவன், தன் வாயிலில் நிற்கும் நாயை இடிந்த செங்கற்குவியலின் நடுவே விட்டுச் செல்வானாயின், அவன் ஓதியது யாது? தான் வேண்டுவதைத் தன்னை வேண்டி நிற்கும் உயிர்க்கு மறுப்பவன் எந்த நாவால் அதனை மீட்டும் வேண்டுவான்?

அன்பும் அருளும் வேறென்பதும் ஈண்டு அறியத்தக்கது. திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும், அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லாவுயிர்மேலும் செல்வது அருள். ஆயினும் அருளை அன்பு ஈன்ற குழந்தை என்று அவரே பிறிதோரிடத்துக் குறித்தலின், அன்பைக் கொன்று அருளைப் பெறுதல் தாயைக் கொன்று சேயைப் பெறுதல் போலும். தன் வாயிலில் வந்த நாயிடத்து விளைந்த அன்பு, அடுத்த தெருவில் நடுங்கும் நாயிடத்தும் செல்லுமாறு விரிதலே முறையான வளர்ச்சி.

இனித் தோட்டத்தைப் பற்றி. மரஞ்செடிகளும் எழுவகைப் பிறப்பினுள் அடங்குவனவாதலின் அவையும் உயிரே. அன்றியும் பூந்தோட்டம் வைத்தல் சரியைத் தொண்டுகளுள் ஒன்று. திருப்புகலூர் முருகநாயனார் மலர் பறித்துத் தொடுத்து அணிவித்தே பேறு பெற்றார். அப்பரடிகள் உழவாரப்படை தாங்கினார். திருவொற்றியூரில் சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியார்க்குச் சூளுரைத்ததும் மகிழமரத்தின் கீழேயாம். அச்சூள் பிழைத்தபொழுது கண்ணொளி இழந்தார். மரமும் சான்றாய் நிற்கத்தக்கது என்பது அத்தலம் உணர்த்துவது. தந்தை வைத்த வில்வத்தை நீரூற்றி வளர்த்தவன் அதற்கு வாய்திறவாது ஒரு வாக்குக் கொடுத்தவனேயாவன்.

ஆயின் சுவரை எங்ஙனம் எழுப்புவது எனின், அதற்கும் வழியுண்டு. வளர்ந்த வில்வம் ஆழவேரோடுவது. பெயர்த்து நடின் பிழைத்தல் அரிது. சுவரை ஒரு முழம் உள்ளே தள்ளுதலே நேரிய வழி. ஓர் அறை சிறிது குறுகும், அவ்வளவே. அதுவும் இயலாதாயின், பக்கவேரினின்று முளைக்கும் கன்றைப் பிரித்துத் தொட்டியில் வளர்த்துப் புதுமனையில் நடலாம். நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி ஆகியவற்றின் கிளைகளை வெட்டி நட்டாலே தழைக்கும். முழு வாக்கும் காக்கவியலாத இடத்தில் இயன்ற மட்டும் காத்தல் அறம்; இயலவில்லை என்பதனாலேயே முழுதும் துறத்தல் அறமன்று.

ஈண்டு ஒரு தடை எழும். நாய்கள் கடிக்கின்றன, சிறுவர் அஞ்சுகின்றனர், வெறிநோய் கண்டபின் பிழைப்பார் அரியர். இவற்றை நோக்காது சோறிடுதல் அருளாமோ எனின், தடை நியாயமானதே. அறிவொடு கூடாத இரக்கம் பிறவுயிர்க்குத் துன்பமாய் முடியும். வெறிநோய்க்குப் பாஸ்டர் என்னும் அறிஞர் 1885-ஆம் ஆண்டிலேயே மனிதர்க்குத் தடுப்பூசி இட்டுக் காட்டினார். 1907-ஆம் ஆண்டில் குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையமும் அமைந்தது. சென்னையில் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் 1996-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டுக் கருத்தடை முறை மேற்கொள்ளப்பெற்றது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் உச்சநீதிமன்றம், தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து தடுப்பூசி இட்டுப் பிடித்த இடத்திலேயே விடவும், வெறிநோயுற்றவற்றையும் கடுஞ்சினமுடையவற்றையும் விடாதிருக்கவும், உணவிடுதற்குத் தனியிடம் வகுக்கவும் பணித்தது. அவ்வாண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை முதலியவற்றின் வளாகங்களினின்று அவற்றை அகற்றவும் பணித்தது. ஆதலின் நாய்க்குச் சோறிடுவான் அதற்கு ஊசியிடுவித்தலும், கருத்தடை செய்வித்தலும், பிறர் வாயிலில் உணவு சிதறாமையும், கடியுண்டாரைப் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடுநீரில் கால்மணி நேரம் கழுவச்செய்து உடனே மருத்துவமனைக்கு அனுப்புதலும் தன் கடனெனக் கொள்ளல் வேண்டும். இக்கடன்களை ஏலாது சோறு மட்டும் இடுவான் தன் மனநிறைவை வளர்க்கின்றானேயன்றி உயிரை வளர்க்கின்றானல்லன்.

மக்கள் பசித்திருக்க விலங்குக்கு இடுதல் தகுமோ என்பாரும் உளர். மக்களுக்கு இடுதலே முதற்கடன், அதில் ஐயமில்லை. மனை கட்டுவானுக்கு அம்முதற்கடன் தன் கண்முன்னேயே நிற்கின்றது. வெயிலில் செங்கல் சுமக்கும் சித்தாளுக்கும், சாரத்தின்மேல் நிற்கும் கொத்தனுக்கும் கூலியைக் குறித்த நாளில் குறையாது கொடுத்தலும், குடிக்க நன்னீர் வைத்தலும் அவன் செய்யற்பாலன. அக்கூலியை நாளைக்கு என்று தள்ளிவிட்டு நாய்க்குப் பாலூற்றுவானது செயல் அருளன்று, விளையாட்டேயாம். ஆனால் கூலி கொடுத்த கையில் நாய்க்கும் ஒரு பிடி எஞ்சாது போவதில்லை. பெரும்பாலும் மனிதர்க்கு இடாதார் நாய்க்கும் இடுவதில்லை என்பதே உலகத்திற் காணப்படுவது.

இறுதியாகக் கருதத்தக்கது, இடிந்த மனைக்கும் எழும் மனைக்கும் இடைப்பட்ட காலம். இறைவன் உயிர்களுக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்பவற்றைப் படைத்துத் தருகின்றான். உரிய காலத்து அவற்றை ஒடுக்குகின்றான். அவ்வொடுக்கம் சினத்தாற் செய்வதன்று, பிறந்திறந்து களைத்த உயிர்க்கு இளைப்பாறுதல் தரவே என்பது சித்தாந்தத் துணிபு. அழித்தலும் அருளே எனப்படுவது, அழித்த காலத்தும் உயிரை அவன் கைவிடாமை பற்றியே. உடம்பாகிய பழமனை வீழ்ந்து புதுமனை எழும் வரையில் உயிர் அவன் நினைவினின்று நீங்குவதில்லை. நீங்குமாயின் மறுபடைப்பு என்பதே இல்லை. மனை புதுக்கும் இல்லறத்தான், தான் பன்முறை இவ்வாறு இடிபட்டும் எடுக்கப்பட்டும் வந்தவன் என்பதை உணர்வானாயின், தன்னை அண்டிய சிற்றுயிர்களை அவ்விடைக்காலத்தில் என் செய்வது என்னும் வினாவுக்கு விடை தானே தோன்றும்.

அவன் காலையும் மாலையும் கட்டுமிடத்துக்கு வந்து சோறும் நீரும் வைக்கின்றான் என்று கொள்க. நாய்கள் மணற்குவியலிற் படுத்து இரவெல்லாம் கம்பியையும் செங்கல்லையும் காக்கின்றன. சுவர் ஒரு முழம் உள்ளே தள்ளி எழுகின்றது. தளம் போடுமுன்னே மூத்த நாய் முதுமையால் இறக்கின்றது. அவன் அதனை வில்வத்துக்கு அப்பால் புதைத்து, நீராடி, அன்றைய பூசைக்கு மலர் பறிக்கின்றான். கண் கலங்குகின்றது, ஆயினும் ‘என்னுடையது போயிற்று’ என்று அவன் புலம்பவில்லை, ‘ஓருயிர் தன் வழிச் சென்றது, அதற்கு என் கடன் முடிந்தது’ என்றே எண்ணுகின்றான். எஞ்சிய நாய்க்கு அன்றும் வேளை தவறாது சோறு வைக்கின்றான். பற்றின்றி அன்பு செய்தல் என்பது இதுவே. ஓட்டை எறிந்தும் நாயைக் காத்தவன் அவன்.

புதுமனை புகும் நாளில் முதலில் நுழைய வேண்டியது ஆவும் கன்றும் என்பர். அவற்றின் பின்னே வாயிற்படியில் ஒரு நாயும் வந்து படுக்குமாயின், அம்மனையில் சிவம் குடிபுகுந்தது என்றே அன்பர்கள் கொள்ளலாம்.