பதிவில் கேட்காத பேச்சு



ஒலிவ மலைச் சரிவில் ஒரு சிறு கோவில் உண்டு. ‘ஆண்டவர் அழுதார்’ என்பது அதன் பெயர். அர்ச். பிரான்சிஸ்கு சபையார் 1955-ல் கட்டி முடித்தார்கள். பர்லூட்சி என்னும் இத்தாலியச் சிற்பி அதைக் கண்ணீர்த் துளியின் வடிவில் அமைத்தார். பீடத்துக்குப் பின்னே சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வளைவான சன்னல். தலை நிமிர்ந்தால் ஜெருசலேம் பட்டணம் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். அந்தப் பட்டணத்தைப் பார்த்துத்தான் நம் ஆண்டவர் அழுதார். சமாதானத்துக்கு ஏதுவானதை அது அறியவில்லையே என்பதுதான் அவருடைய துக்கம். அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 19-ஆம் அதிகாரத்தை இன்றிரவு செபமாலைக்குப் பின் வீட்டில் வாசியுங்கள்.

அந்தப் பட்டணத்துப் பிள்ளைகள் சிலர் பாடிய பாட்டின் ஒலிப்பதிவு ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் கேட்டேன். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

1948-ஆம் ஆண்டு யுத்தத்தில் ஜெருசலேம் இரண்டாகப் பிளந்தது. மேற்கே இஸ்ரயேல், கிழக்கே யோர்தான். 1967-ஆம் ஆண்டு யுத்தத்தில் கிழக்குப் பாகத்தையும் இஸ்ரயேல் பிடித்துக்கொண்டது. நடுவே நின்ற முள்வேலி போயிற்று, பிரிவினை போகவில்லை. யூதப் பிள்ளைகளுக்கு எபிரேயப் பள்ளிக்கூடம், பாலஸ்தீனப் பிள்ளைகளுக்கு அரபிப் பள்ளிக்கூடம். குடியிருப்பும் பெரும்பாலும் தனித்தனி. கிழக்கே வாழும் பாலஸ்தீனரில் பெரும்பாலோர் அந்த நாட்டின் குடிமக்களும் அல்லர். நிரந்தரவாசிகள் என்ற சீட்டு மட்டும் உண்டு. ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தும், அடுத்த சாதியாரின் பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசாமலே பதினைந்து வயதை எட்டிவிட அங்கே முடியும்.

இப்படிப்பட்ட ஊரில் 2012-ல் மைக்கா ஹெண்ட்லர் என்னும் அமெரிக்க யூத இளைஞர் ஒரு பாடற்குழுவைத் தொடங்கினார். ஜெருசலேம் இளையோர் பாடற்குழு என்று பெயர். இரு பக்கத்திலிருந்தும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். யூதரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அதில் இருக்கிறார்கள். கூடுமிடம் தாவீதரசன் பெயர் கொண்ட வீதியில், 1933-ல் திறக்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. மாளிகை. நம் பிரிந்த சகோதரர்கள் கட்டியதுதான். நல்ல காரியம் யார் வீட்டில் நடந்தாலும் நாம் சந்தோஷப்படலாம்.

அவர்கள் பதிந்த பாட்டுகளில் ஒன்று, ஓர் அமெரிக்க இளம் பாடகரோடு சேர்ந்து பாடியது. ‘வீடு’ என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. எந்த ஊர் என் வீடு, உன் வீடு என்று இரண்டு தலைமுறைக்கு மேலாகச் சண்டை நடக்கிறதோ, அந்த ஊர்ப் பிள்ளைகளே சேர்ந்து ‘வீடு’ என்று பாடினால் யாருக்குத்தான் நெஞ்சு இளகாது? எனக்கும் இளகிற்று. பாட்டு முடிந்ததும், ‘இவ்வளவுதானே! எல்லாரும் சேர்ந்து பாடினால் தீர்ந்தது’ என்று எண்ணிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். அந்த எண்ணம் தவறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாடுவதே அவர்களுக்கு எளிதல்ல. நாம் ‘பால்’ என்கிறபோது முதலில் வருகிற வல்லோசை அரபியில் கிடையாது. ‘கம்பம்’ என்பதன் நடுவில் வருகிற மெல்லோசைதான் அவர்களுக்கு உண்டு. அரபியின் அடித்தொண்டை எழுத்துக்களோ இக்காலத்து எபிரேயம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் நாவில் வருவதில்லை. நம் ழகரத்தோடு வெளிநாட்டுக் குருக்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்! அரபிச் சங்கீதத்தில் பியானோவின் கட்டைகளுக்கு நடுவே விழுகிற சுரங்களும் உண்டு. மேற்கத்திய முறையில் பழகிய காதுக்கு அவை அபசுரமாகவே படும். ஆகவே, ஒரு பாட்டைக் கற்கிறபோதே ஒவ்வொரு பிள்ளையும் அடுத்தவனுடைய வாயைப் பார்த்து, அவனிடமே கேட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒலிப்பதிவு இன்னும் கண்டிப்பானது. நம் கோவிலில் ஒருவர் உரக்கக் கத்தினாலும் கூரையின் எதிரொலியில் கரைந்துபோகும். மைக் அப்படி மன்னிப்பதில்லை. எவன் தன் குரல் மட்டும் கேட்க வேண்டுமென்று முட்டுகிறானோ, அவனை அது காட்டிக் கொடுத்துவிடும். நீண்ட சுரத்தில் எல்லாரும் ஒருமிக்க மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துபோகும். ஒருவன் மூச்சு வாங்குகிற நேரத்தில் பக்கத்திலிருப்பவன் தாங்க வேண்டும். ஒருவன் தவறினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து.

ஆனால் அந்தக் குழுவின் முக்கியமான வேலை ஒலிப்பதிவில் கேட்பதே இல்லை. பாட்டுப் பயிற்சியோடு பேச்சுக்கும் அவர்கள் நேரம் வைத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற நடத்துநர்கள் நடுவே இருக்க, பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து, தங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்; மற்றவர் கேட்க வேண்டும். யூதப் பிள்ளைகளில் பலர் பதினெட்டு வயதானதும் கட்டாய இராணுவ சேவைக்குப் போக வேண்டியவர்கள். அந்த இராணுவத்தைச் சோதனைச் சாவடியில் தினம் பார்க்கிற பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கிறது. ஒரு வீட்டில் குண்டுவெடிப்பின் நினைவு; இன்னொரு வீட்டில் பாட்டனார் 1948-ல் பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவி. இவற்றைப் பேசாமல் பாட்டை மட்டும் பாடிக் கலைந்தால் எவ்வளவு சுகமாயிருக்கும்!

இப்படிக் கூடுவதே தவறு என்கிற பாலஸ்தீனரும் அநேகர் உண்டு. அநீதி அப்படியே இருக்க, பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்திப் பாட வைத்துப் படம் பிடித்தால், எல்லாம் சரியாயிருப்பதாக உலகம் நினைத்துவிடாதா என்கிறார்கள். இதை அற்பமென்று நான் தள்ளமாட்டேன். சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்று கூவினவர்களை எரேமியாஸ் தீர்க்கதரிசி அதே பட்டணத்தில் நின்றுதான் கண்டித்தார். அவருடைய கண்டனத்துக்கு அந்தக் குழுவிடம் ஏதாவது பதில் இருந்தால், அது பாட்டில் அல்ல, அந்தப் பேச்சு அறையில்தான் இருக்கிறது. 2014-ல் காசா யுத்தம் வந்தது. 2023 அக்டோபர் 7-ஆம் தேதி நடந்த கோரக் கொலைகளும், அதைத் தொடர்ந்து காசாவில் விழுந்த எண்ணற்ற பிணங்களும் வந்தன. குழு கலையவில்லை.

தாய் தந்தையரே, பிள்ளைகளைவிட அவர்களுடைய பெற்றோரை நினைத்து நான் அதிகம் ஆச்சரியப்படுகிறேன். உறவினர் தூற்றுவார்கள், அக்கம்பக்கத்தார் முகம் திருப்புவார்கள் என்று தெரிந்தும், ‘சரி, போய் வா’ என்று அனுப்பி, திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்திருக்கிற தாயின் மனம் எப்படிப்பட்டது?

நம் திருச்சபையும் அங்கே சும்மா இருக்கவில்லை. திருக்கல்லறைக் கோவிலின் ஆர்கன் வாத்தியக்காரராயிருந்த அருமாந்தோ பியருச்சி என்னும் பிரான்சிஸ்கு சபைக் குரு, 1995-ல் பழைய பட்டணத்து மடத்தில் ‘மக்னிபிகாத்’ என்று தேவதாயின் கீதத்தைப் பெயராகக் கொண்ட சங்கீதப் பள்ளியைத் தொடங்கினார். கிறிஸ்தவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். ஆசிரியர்களில் யூதரும் உண்டு.

இனி நம் சங்கதி. போன கிறிஸ்மஸ் பாட்டுகளுக்கு மேலத் தெருப் பிள்ளைகள் ஒரு நாளும் கீழத் தெருப் பிள்ளைகள் வேறொரு நாளும் பயிற்சி எடுத்தார்கள். சில பெரியவர்கள் அப்படிக் கேட்டார்கள். சச்சரவு வேண்டாமென்று நானும் சம்மதித்தேன். நடுச்சாமப் பூசையில் பாட்டு நன்றாகவே இருந்தது. வந்திருந்த விருந்தாளிகளும் புகழ்ந்தார்கள். ஆனால் பாடலின்போது மாடியில் நடுவே இரண்டு முழ இடம் காலியாயிருந்ததைப் பீடத்திலிருந்து நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அது என் குற்றம்.

இந்த வருஷம் பயிற்சி ஒரே நாள். ஆகமன காலம் முதல் வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் மாலை 5 மணிக்குப் பங்கு மண்டபத்தில். முதல் நாள் அந்த ஜெருசலேம் பிள்ளைகளின் பதிவைப் போட்டுக் காட்டுவேன். பாட்டு முடிந்ததும் யாரும் எழுந்துபோக வேண்டாம். அரை மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோரும் இருக்கலாம். தேநீர் உண்டு.

உங்கள் பங்குக் குரு