ஒருபால் மணமும் பலதார மணமும்

சமுதாய வழக்கம் ஒன்றை மாற்றவேண்டும் என்று எவரேனும் வாய்திறந்தால், ‘இதற்கு இடங்கொடுத்தால் நாளை எதற்கு இடங்கொடுக்க நேருமோ’ என்ற அச்சக்குரல் உடனே எழுவது உலக வழக்கு. இலங்கைக்கு 1931ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமை வருமுன்னர், சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற கல்வியிற் சிறந்த பெரியோரே அதனை எதிர்த்தனர். வாக்குரிமை வந்தது, அவர்கள் அஞ்சியவாறு நாடு கெட்டொழியவில்லை. ஆயினும், அச்சக்குரல் ஒவ்வொன்றும் பொய்யென்று முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுவதும் அறிவுடைமையாகாது. அச்சத்தினுள்ளே ஒரு வாதம் இருக்குமாயின், அதனை வெளியே எடுத்து ஆராய்தலே முறை.

அண்மையில் எமது உயர்தர வகுப்பில் ஒருபாலார் திருமணம் பற்றிய விவாதம் ஒன்று நடந்தது. பதுளை நகரத்துப் பிள்ளைகளும், பசறை, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளும் கலந்திருக்கும் வகுப்பு அது. ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “இரண்டு பேர் விரும்பினால் போதும், ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டியதில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் மூன்று பேர் விரும்பினால்? ஓர் ஆள் இரண்டு பெண்களைக் கட்டிக்கொள்ள அவர்களும் சம்மதித்தால், அதுவும் சரிதானா, சேர்?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய தந்தைக்கு மேற்கணக்கில் இன்னொரு குடும்பம் உண்டு என்பது எமக்குப் பின்னரே தெரியவந்தது. அவள் கேட்டது விவாத மேடைக்கான கேள்வி அன்று; தன் தாய்க்காகக் கேட்ட கேள்வி. அன்று நாம் கூறிய விடை எமக்கே நிறைவு தரவில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் திருத்தும் முயற்சி.

இவ்வினாவைக் கற்றறிந்தோரும் எழுப்பியுள்ளனர். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருபால் மணத்தை நாடு முழுவதற்கும் உரிமையாக்கியது. அப்போது மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய பிரதம நீதியரசர் ஜோன் றொபர்ட்ஸ், பெரும்பான்மையோர் காட்டிய காரணங்களிற் பல, பலர் கூடிய மணத்துக்கும் அதே வலிமையுடன் பொருந்துமென வாதிட்டார். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. ‘விருப்பமும் சம்மதமுமே திருமணத்தின் முழு அடிப்படை’ என்று நாம் சொல்வோமாயின், எண்ணிக்கையை இரண்டோடு நிறுத்த எமக்கு நியாயமில்லை. முற்போக்காளர் பலர் அவசரத்தில் அவ்வாறே சொல்லிவிடுகின்றனர். அன்று வகுப்பில் நாமும் அவ்வாறே சொல்லியிருந்தோம்.

முதலில், ஒன்று மற்றொன்றை இழுத்துவரும் என்ற கூற்றை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம். 2001ஆம் ஆண்டில் உலகிலேயே முதன்முதலாக ஒருபால் மணத்துக்கு இடமளித்த நெதர்லாந்தில் திருமணம் இன்றும் இருவருக்குரியதே. தென்னாபிரிக்கா பலதார மணத்தை 1998ஆம் ஆண்டின் வழக்காற்று மணச் சட்டத்தினால் ஏற்றது; ஒருபால் மணத்துக்கு அங்கு 2006ஆம் ஆண்டிலேதான் சட்டம் வந்தது. பலதார மணம் அங்கே முந்தி வந்தது, பிந்தி வரவில்லை.

எமது நாட்டையே பாருங்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஓர் ஆடவனுக்கு நான்கு மனைவியர் வரை இடமளித்தது. முதல் மனைவியின் சம்மதத்தை அது கேட்கவில்லை. காதியாருக்கு முன்னறிவித்தல் கொடுப்பதையே கேட்டது. அதே நாட்டில், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை ஒருபால் உறவைக் குற்றமாக்கிற்று. 1995ஆம் ஆண்டின் திருத்தம் பெண்களையும் அவ்வலைக்குள் கொண்டுவந்தது. பலதார மணத்துக்கு இடங்கொடுத்த நாடு, ஒருபாலாருக்குச் சிறையைக் காட்டியது. இங்கு முஸ்லிம் மக்களைச் சுட்டிக் குறைகூறல் எமது நோக்கமன்று. அச்சட்டத்தைத் திருத்தக் கோரி நெடுங்காலம் போராடியவர்கள் முஸ்லிம் பெண்களே. மேலும், தோட்டத்து இந்து ஆடவன் இரண்டாங் குடும்பம் வைப்பதற்கு எந்தச் சட்டத்தின் அனுமதியையும் நாடியதில்லை.

ஊவாவின் பழைய வரலாறும் எமக்கு ஒன்று கற்பிக்கிறது. கண்டிய வழக்காற்றில் பலதார மணமும், சகோதரர் இருவர் ஒரு பெண்ணை மணந்து ஒரே வீட்டில் வாழும் வழக்கமும் இருந்தன. வயற்காணி துண்டுபடாமல் காப்பதற்கு அது உதவிற்று என்பர். அப்பெண்ணின் விடுதலைக்காக அவ்வழக்கம் தோன்றியதாக எவரும் கூறார். 1859ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இரண்டையும் தடைசெய்து, பதிவு செய்யாத மணம் செல்லாதென்றது. பழைய வழக்கப்படியே மணந்து வாழ்ந்தோரின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறைகேடாய்ப் பிறந்தோர் ஆயினர். மணமுறை மனிதர் ஆக்கியது; காணியும் கூலியும் மாற அதுவும் மாறியது. அன்றியும், ஒரு மணமுறையைத் தடுக்கும் சட்டம் அதற்குள் வாழும் பெண்டிரையும் பிள்ளைகளையும் கைவிட்டால், அதுவும் அநீதியே.

இனி அடிப்படைக்கு வருவோம். 1884ஆம் ஆண்டில் ஏங்கல்ஸ், தனிச்சொத்தோடு பிறந்த ஒருதார மணம் பெண்ணுக்கு மட்டுமே ஒருதார மணமாக இருந்தது என்று எடுத்துக்காட்டினார். அதற்குப் பின்வந்த காலத்தில் பெண்கள் போராடிப் பெற்றது என்ன? மனைவி கணவனின் உடைமை அல்லள். அவனிடம் அவளுக்கு எவ்வளவு உரிமையோ, அவளிடம் அவனுக்கும் அவ்வளவே என்ற நிலை. இந்தச் சமத்துவமே இன்றைய திருமணத்தின் நியாயம் என்பது எம் துணிபு. சம்மதம் அதற்கு வாயில், சமத்துவமே வீடு.

இவ்வளவுகோலை இரு வினாக்களுக்கும் வைத்துப் பாருங்கள். இரு பெண்கள் மணந்தால் ஒருவர்க்கொருவர் கடமை, நோயிற் பராமரிப்பு, சொத்துரிமை, பிரிவு ஆகியவற்றுள் எதுவும் குலைவதில்லை. கணவன், மனைவி என்ற சொற்களின் இடத்தில் துணைவர் என்ற சொல் வருகிறது. யார் ஆள்பவர், யார் ஆளப்படுபவர் என்பதைப் பிறப்பிலேயே வகுத்துவைத்த பழைய ஏற்பாட்டுக்கு அங்கு இடமேயில்லை.

பலதார மணத்திலோ ஆடவன் நடுவில் நிற்கிறான். ஒவ்வொரு மனைவியும் தன்னை முழுதாகக் கொடுத்து, பங்காகப் பெறுகிறாள். ‘அவள் சம்மதித்தாளே’ என்பர். நாட்கூலிக்குக் கொழுந்து பறித்து, கணவன் பெயரிலுள்ள லயக் காம்பிராவில் மூன்று பிள்ளைகளோடு வாழும் பெண், “இன்னொருத்தியைக் கொண்டுவரட்டுமா?” என்ற கேள்விக்குச் சொல்லும் ‘சரி’ எத்தகைய சரி? போக்கிடம் இல்லாதவளின் தலையசைப்பைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள எம் மனம் ஒப்பவில்லை.

‘மூவர் உண்மையிலேயே சமமானவராய், ஒருவர்க்கொருவர் மணந்து வாழ முன்வந்தால்?’ என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். அப்படிப்பட்டோரைச் சிறையிலிட வேண்டுமென நாம் சொல்லோம். ஆனால் அவர்களது வழக்கு வேறு வழக்கு. ஒருவர் விலகினால் மற்ற இருவரின் கட்டு என்னாகும், ஒருவர் நோயுற்றால் யாருடைய சொல் செல்லும், எவரும் நடுத்தெருவில் நில்லாதிருக்க என்ன ஏற்பாடு என்பவற்றை அவர்கள் காட்டவேண்டும். அவர்கள் காட்டுவதைக் கேட்க நாமும் ஆயத்தமாயிருக்க வேண்டும். அந்த வழக்கு முடியும்வரை இந்த இருவரை வாயிலில் காக்கவைத்தல் நீதியன்று.

காகிதம் இல்லாமையின் துயரத்தை மலையகத்தாராகிய எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், மணமானவர்க்கு 7 ஆண்டு வதிவையும் மணமாகாதவர்க்கு 10 ஆண்டு வதிவையும் கேட்டது. ஒருவன் மணமானவனா அல்லனா என்பது அவனுடைய நாடு எது என்பதையே தொட்ட காலம் அது. இன்று ஒரு லயத்தில் இரு பெண்கள் இருபது ஆண்டு ஒன்றாய் வாழ்கிறார்கள் என்று கொள்வோம். ஒருத்தி பதுளை ஆஸ்பத்திரியில் உணர்விழந்து கிடக்கையில், மற்றவள் நோயாளிக்கு என்ன உறவு என்ற கேள்விக்கு மறுமொழியின்றி நிற்பாள். இருபது ஆண்டுப் பராமரிப்புக்கு எமது சட்டத்தில் ஒரு பெயர் கூட இல்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் ஒருபால் மணத்தை அங்கீகரிக்க மறுத்தது. ஆயினும் 2025 மே மாதத்தில், குடும்பத்தாரால் தடுத்து வைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் வழக்கில், குடும்பத்தை அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. எமது நாட்டிலோ, ஒருபால் உறவைக் குற்றமற்றதாக்கும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. தடை நீதிமன்றத்தில் இல்லை. பாராளுமன்றத்திலும் எம் மனத்திலுமே உள்ளது.

ஒன்றை எமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். மேற்கணக்கில் ஒரு குடும்பம், கீழ்க்கணக்கில் ஒரு குடும்பம் என்று வாழும் ஆடவனைக் கோயில் திருவிழாவில் முன்வரிசையில் அமர்த்தி மாலையிடுகிறோம். அவனது முதல் மனைவியிடம் ‘பொறுத்துப்போ’ என்கிறோம். அதே நாம், ஒருவரையும் ஏமாற்றாது வாழும் இருவரைக் கண்டு, ‘இதற்கு இடங்கொடுத்தால் பலதார மணம் வந்துவிடும்’ என்று நடுங்குகிறோம். அது எப்போதோ வந்து எம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அதனைக் கொண்டுவந்தவர்கள் ஒருபாலார் அல்லர்.

அந்த மாணவிக்கு நாம் இப்போது கூறும் விடை இதுவே: சரியன்று, அம்மா. இருவரைச் சமமாய் நிறுத்தும் மணத்தை எந்த நியாயத்தால் ஆதரிக்கிறோமோ, அதே நியாயத்தால் உன் தாயைப் பாதியாக்கும் மணத்தை எதிர்க்கிறோம். ஆனால் மேற்கணக்கில் இருக்கும் அந்தப் பெண்ணும் அவளது பிள்ளைகளும் உன் பகைவர் அல்லர். அவர்களுக்குரிய சோறும் பெயரும் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும். இதனை நாம் அடுத்த வாரம் வகுப்பிலே சொல்லப்போகிறோம். வகுப்பு மறுபடி சிரித்தாலும் சொல்வோம்.