எளிய எதிரி

போன ஞாயிறு தேங்காய்த்திட்டில் எங்கள் தெருப் பையன்கள் தோற்றார்கள். எதிரணியில் பாதிப் பேர் எட்டாவது படிப்பவர்கள். பலருக்கு பூட்ஸ்கூட இல்லை. முந்தைய வாரம்தான் இதே பையன்கள் ஒரு கல்லூரி அணியோடு டிரா செய்திருந்தார்கள். "என்னடா ஆச்சு?" என்று கேட்டேன். "சும்மா ஆடுனாலே ஜெயிச்சிடலாம்னு நெனச்சோம்ண்ணா" என்றான் கோல்கீப்பர்.

திமிர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் விஷயம் அவ்வளவு எளிதில்லை. 2019 செப்டம்பர் 10 அன்று தோஹாவில், ஆசியச் சாம்பியன் கத்தாரை இந்தியா 0-0 என்று தடுத்து நிறுத்தியது. சுனில் சேத்ரி இல்லாமலே. ஐந்து வாரம் கழித்து, சேத்ரியும் திரும்பிவிட்ட நிலையில், கொல்கத்தாவில் வங்கதேசம் வந்தது. தரவரிசையில் எண்பது இடங்களுக்கும் மேல் பின்தங்கிய அணி. அவர்கள்தான் முதல் கோலைப் போட்டார்கள். 88வது நிமிடத்தில் ஆதில் கான் தலையால் முட்டிய பந்துதான் 1-1 என்று மானத்தைக் காப்பாற்றியது.

இளையவர்களிடமும் இதே கதை. 2018இல் ஸ்பெயினில் நடந்த கோட்டிஃப் தொடரில் 20 வயதுக்குட்பட்ட இந்திய அணி மௌரிடானியாவிடம் 0-3 என்று தோற்றது. அதே தொடரில் அர்ஜென்டினாவை, பத்துப் பேராகக் குறைந்த பிறகும், 2-1 என்று வென்றது. சர்வதேச வெற்றிகளையே அதிகம் பார்த்திராத பையன்களுக்கு எங்கிருந்து திமிர் வரும்?

வலுவான அணி நமக்கு வேலையைச் சொல்லித் தந்துவிடுகிறது: இடத்தை அடை, பந்தை வெளியே அடி, ஓடு. பயமே பயிற்சியாளராகிவிடும். எளிய அணி பின்வாங்கி நின்று பந்தை நம் காலிலேயே விட்டுவிடுகிறது. இப்போது என்ன செய்வது என்று நாம்தான் யோசிக்க வேண்டும். பதில் சொல்லியே பழகிய இளம் அணிக்குக் கேள்வி கேட்கத் தெரிவதில்லை. பயம் நீங்கியதும் கவனமும் சேர்ந்து போய்விடுகிறது. வள்ளுவர் சோம்பலுக்கு ஓர் அதிகாரம் எழுதியவர், மகிழ்ச்சியில் வரும் அசட்டைக்கு 'பொச்சாவாமை' என்று தனியாக ஒன்றை எழுதினார். இரண்டும் வேறு நோய்கள்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. கல்லூரி அணியோடு ஆடியபோது நான் கோட்டோரம் நின்று தொண்டை கட்டக் கத்தினேன். போன ஞாயிறு போகவே இல்லை. "சின்னப் பசங்கதானே, பாத்துக்கோங்கடா" என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருந்தேன். பையன்கள் ஆட்டத்தில் செய்ததை நான் ஆட்டத்துக்கு முன்பே செய்துவிட்டேன்.

சின்னப் பிள்ளைகளை எட்டு கோல் போட்டு நொறுக்குவது கொடுமையில்லையா என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் நம் இரக்கத்தைக் கேட்டு வரவில்லை. அவர்களுக்கு நாம்தான் அர்ஜென்டினா. தங்களிடம் இருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். நாம் பாதியைக் கொடுத்தோம். நம் முழு உழைப்பையும் நம்மை மிரட்டுபவருக்கு மட்டுமே தருகிறோம் என்றால், அதற்குப் பெயர் உழைப்பில்லை, பயம்.

வரும் ஞாயிறு மறுபடியும் அவர்களோடுதான் ஆட்டம். நான் போகிறேன்.